ஒரே மழைக்கு எத்தனை தேதி?

முதல் ரெவ்யூவில் என் ப்ராஜெக்ட்டுக்குக் கிடைத்த கமெண்ட் இது: "ரெண்டு மழைமானியும் ஒரே ஊர்லதான இருக்கு? இல்ல ஒண்ணு செவ்வாய் கிரகத்துல இருக்கா?" பேனலில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேற என்ன செய்ய? ஸ்க்ரீனில் கோரிலேஷன் 0.2 என்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது.

எனக்குச் சொந்த ஊர் போடிநாயக்கனூர். ஏலக்காய் வாசம் அடிக்கும் ஊர், ஏலக்காயை ஏலம் விடும் ஊர். (இந்தச் சிலேடையை வேணும்னு செய்யலை, ஊரே அப்படி.) எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு சின்ன வானிலை நிலையம் வைத்தேன். இஎஸ்பி32 போர்டு, ஒரு வெப்பநிலை சென்சார், நிறைந்தால் கவிழ்ந்து எண்ணும் டிப்பிங் பக்கெட் மழைமானி, அவ்வளவுதான். இன்னொன்று பூப்பாறை பக்கம் மாமாவின் ஏலத்தோட்டத்தில். மலைக்கும் கீழுக்கும் வானிலை எப்படி மாறுது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் ப்ராஜெக்ட். அதற்கு முன்னால் என் மாடி மழைமானி ஒழுங்காக அளக்குதா என்று பார்க்க, போடியில் எடுக்கப்படும் அரசு மழைக் கணக்கோடு ஒப்பிட்டேன். அங்கேதான் அந்த 0.2.

மூணு நாள் கோடைத் தோண்டினேன். பக்கெட்டில் எறும்பு கூடு கட்டிவிட்டதோ என்று வீட்டுக்கு போன் போட்டு அம்மாவை மாடிக்கு ஏற வைத்தேன். கடைசியில் கண்டுபிடித்தது ரூம்மேட். அவன் சிவில். லேப்டாப்பை எட்டிப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டான்: "டேய், கவர்மெண்ட்ல மழைய எத்தன மணிக்கு அளப்பாங்க?"

காலை 8.30 மணிக்கு. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்குப்படி ஒரு நாள் மழை என்றால் நேற்று காலை 8.30 முதல் இன்று காலை 8.30 வரை பெய்தது. அது இன்றைய தேதியில் பதிவாகும். என் போர்டுக்கு நாள் என்றால் நள்ளிரவு 12 முதல் அடுத்த நள்ளிரவு 12 வரை. போடிப் பக்கம் கோடை மழையும் ஐப்பசி மழையும் பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் கட்டி, சாயங்காலமோ ராத்திரியோ கொட்டும். 12ஆம் தேதி சாயங்காலம் 6 மணிக்குப் பெய்த மழை என் ஃபைலில் 12ஆம் தேதி, அரசு ஃபைலில் 13ஆம் தேதி. ராத்திரி 10 முதல் 2 வரை பெய்தால் என் ஃபைலில் ரெண்டு நாளாக உடைந்துபோகும், அங்கே ஒரே நாள். ரெண்டு மழைமானியும் சரியாகத்தான் அளந்திருக்கின்றன. நான்தான் தப்பாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மணிவாரியாக இருந்த டேட்டாவை எடுத்து 8.30க்கு 8.30 என்று திரும்பக் கூட்டினேன். 0.9ஐத் தாண்டியது.

அதிலிருந்து எனக்கு ஒரு வியாதி. யாராவது "அங்கே இவ்வளவு, இங்கே இவ்வளவு" என்று சொன்னால் கை பரபரக்குது. ஒவ்வொரு ஏப்ரலிலும் ஊர் குரூப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் சுற்றும்: போன் ஆப் காட்டிய டிகிரி, கீழே "போடி வரலாற்றிலேயே இல்லாத வெயில்". அதை உடனே நம்புகிற கூட்டம் ஒன்று. "இந்த ஸ்டேஷன் எல்லாமே டுபாக்கூர், கிளைமேட் சேஞ்ச்சே கட்டுக்கதை" என்று சொல்கிற கூட்டம் இன்னொன்று. ரெண்டு கூட்டத்துக்கும் ஒரு ஒற்றுமை: அந்த நம்பர் எங்கே, எந்த உயரத்தில், எந்தப் பெட்டிக்குள், எத்தனை மணிக்கு எடுத்தது என்று ரெண்டுமே கேட்காது. என் கருத்து சிம்பிள். இதையெல்லாம் கேட்காமல் ரெண்டு நிலையத்தை ஒப்பிடுவது தப்பு. அதைக் கேட்கச் சோம்பேறித்தனப்பட்டு ஒப்பிடவே கூடாது என்பதும் தப்பு. ரெண்டாவது தப்பை நம்மைப் போன்ற படித்தவர்கள்தான் அதிகம் செய்கிறோம்.

எங்கள் மலையையே எடுத்துக்கொள்வோம். போடி கடல்மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர். போடிமெட்டு சுமார் 1,400. நடுவில் முந்தல், அப்புறம் 17 கொண்டை ஊசி வளைவுகள். காகம் பறக்கிற தூரம் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். காலையில் தோட்ட வேலைக்குப் போகும் அக்காக்கள் நிரம்பிய ஜீப்பில் ஒருநாள் ஏறிப் பாருங்கள். முந்தலில் முந்தானையால் விசிறிக்கொண்டு வந்தவர்கள், பாதி வளைவு தாண்டினதும் ஒருவர் பின் ஒருவராகத் தலையில் துண்டைக் கட்டுவார்கள். அதைவிட நல்ல தெர்மாமீட்டர் என்னிடம் இல்லை.

புத்தகக் கணக்கு: ஒரு கிலோமீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும். அப்படியானால் போடிக்கும் மெட்டுக்கும் ஏழு டிகிரி வித்தியாசம் என்று நீங்களே சொல்லிவிடலாம், ப்ராஜெக்ட் எதற்கு? இங்கேதான் நான் வழுக்கினேன். அந்த 6.5 உலகத்துக்குப் பொதுவாக வைத்த சராசரி. காய்ந்த காற்று மேலே ஏறினால் கிலோமீட்டருக்கு 9.8 டிகிரி வரை குளிரும். மேகம் கட்டும் ஈரக் காற்று அதைவிட ரொம்ப மெதுவாகக் குளிரும், ஏனென்றால் நீராவி தண்ணீராக மாறும்போது உள்ளே இருந்த வெப்பத்தை வெளியே விடுகிறது. அதனால் பங்குனி மதியத்தில் இருக்கும் வித்தியாசம் ஆடி மதியத்தில் இருக்காது. விடியற்காலையில் கதை மொத்தமாகவே மாறும். காற்றில்லாத தெளிந்த ராத்திரியில் குளிர்ந்த காற்று கனமாகிச் சரிவில் தண்ணீர் மாதிரி வழிந்து பள்ளத்தில் தேங்கும். மேட்டில் இருப்பவனைவிடப் பள்ளத்தில் இருப்பவனுக்குக் குளிரும். ஒரே ஒரு எண்ணைக் கழித்து "மலை டேட்டா" தயாரித்தால் அது மதியத்துக்கு ஓரளவு பொருந்தும், விடியலுக்குப் பொருந்தாது.

மழை இதைவிடக் குசும்பு பிடித்தது. ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவமழை கேரளப் பக்கம் ஏறிக் கொட்டிவிட்டு, மெட்டைத் தாண்டும்போது சாரலும் மூடுபனியுமாகத்தான் வரும். போடிக்கு வந்து சேர்வது வெறும் காற்று, ஓடு தூக்குகிற காற்று. கீழே நின்று பார்த்தால் மலை உச்சியில் மேகம் வெள்ளைப் போர்வை மாதிரி தொங்கும், நம் தலையில் ஒரு சொட்டு விழாது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வரும்போது கீழேயும் நனையும். அதனால் "போடி மழையை இத்தனையால் பெருக்கினால் மெட்டு மழை" என்ற விகிதம் எதுவும் வருஷம் முழுக்கச் செல்லாது. சீசனுக்குச் சீசன் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். நான் முதலில் வருஷம் முழுவதையும் ஒரே கிராஃபில் போட்டிருந்தேன். அது பார்க்க யாரோ மிளகைக் கொட்டிவிட்ட மாதிரி இருந்தது.

"மலைனாலதான் இப்படி, சமவெளியில பிரச்சினையில்ல" என்று நினைக்காதீர்கள். 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. பக்கத்தில் இருக்கும் திருச்செந்தூரில் 69 செ.மீ. மலையும் இல்லை, பள்ளமும் இல்லை, ஒரே கடற்கரை, பத்து கிலோமீட்டர் கூட வராத தூரம். 2015 டிசம்பர் 2 காலை வரையான கணக்கில் தாம்பரம் 49 செ.மீ., மீனம்பாக்கம் 35, நுங்கம்பாக்கம் 29. "சென்னையில் எவ்வளவு மழை?" என்ற கேள்விக்கு மூணு பதிலும் சரி. எந்தச் சென்னை என்று கேட்காதவனுக்கு மூணுமே தப்பு.

வெப்பநிலை சென்சார் கதையையும் சொல்லிவிடுகிறேன், அசிங்கப்பட்டது அசிங்கப்பட்டதாகவே இருக்கட்டும். பழைய டிபன் பாக்ஸில் ஓட்டை போட்டு சென்சாரை உள்ளே வைத்து, மாடிக் கைப்பிடிச் சுவரில் ஒட்டியிருந்தேன். மதியம் 46 டிகிரி காட்டியது. போடி வெந்துகொண்டிருக்கவில்லை, டிபன் பாக்ஸ்தான் வெந்துகொண்டிருந்தது. காற்றின் வெப்பத்தை அளக்க வேண்டுமென்றால் வெயில் நேரடியாகப் படக்கூடாது, காற்று தாராளமாக நுழைய வேண்டும், தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும், கீழே சிமெண்ட் தளம் இல்லாமல் புல்தரை இருப்பது நல்லது. இதற்காகத்தான் வெள்ளையடித்து, பக்கமெல்லாம் சாய்ந்த சட்டங்கள் வைத்த ஸ்டீவன்சன் பெட்டி. அதை வடிவமைத்த தாமஸ் ஸ்டீவன்சன் கலங்கரை விளக்கம் கட்டிய இன்ஜினியர், 'ட்ரெஷர் ஐலண்ட்' எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் அப்பா. உலக வானிலை அமைப்பு நிலையங்களை இடத்தைப் பொறுத்து ஐந்து வகுப்பாகப் பிரிக்கிறது. கடைசி வகுப்பில் இடத்தின் கோளாறால் மட்டுமே 5 டிகிரி வரை பிழை வரலாம் என்று அதுவே சொல்கிறது. என் டிபன் பாக்ஸுக்கு ஆறாவது வகுப்பு தனியாகத் திறக்க வேண்டியிருக்கும்.

இப்போது அந்த ரெண்டாவது கூட்டம் துள்ளும்: "பாத்தியா, ஸ்டேஷன் எல்லாம் தப்புன்னு நீயே சொல்ற!" இல்லைங்க. அமெரிக்காவில் இதே சண்டை பெரிதாக நடந்தது. ஏசி மெஷின் பக்கத்தில், பார்க்கிங் தரையில் நிற்கும் நிலையங்களைப் படம் எடுத்துப் போட்டு, சூடாவதாகச் சொல்வதே பொய் என்றார்கள். 2010இல் மேத்யூ மென்னியும் கூட இருந்தவர்களும் நல்ல இடத்து நிலையங்களையும் மோசமான இடத்து நிலையங்களையும் பிரித்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். திருத்தங்களுக்குப் பிறகு, மோசமான இடங்களால் வெப்ப உயர்வு பெரிதாகிக் காட்டப்படுகிறது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. காரணம் எளிது. ஒரு நிலையம் எப்போதுமே 2 டிகிரி கூடக் காட்டினாலும், 'வழக்கத்தைவிட இந்த வருஷம் எவ்வளவு கூட' என்று பார்க்கும்போது அந்த 2 கழிந்துவிடும். போடியின் 38ஐயும் கொடைக்கானலின் 20ஐயும் நேருக்கு நேர் ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. போடி தன் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியது, கொடைக்கானல் தன் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியது என்று ஒப்பிட்டால் அர்த்தம் உண்டு. அந்த மாதிரி விலகல்கள் பல நூறு கிலோமீட்டர் தூரத்துக்குக்கூட ஒன்றாக ஏறி இறங்கும் என்று 1987இலேயே ஹான்சனும் லெபடெஃபும் காட்டிவிட்டார்கள். மழைக்கு இந்தச் சலுகை இல்லை என்பதைக் காயல்பட்டினத்தில் பார்த்தோம்.

ஆனால் சராசரி வேண்டுமென்றால் 30 வருஷ டேட்டா வேண்டும். இப்போது நடப்பில் இருப்பது 1991 முதல் 2020 வரையான சராசரி. தமிழ்நாடு அரசு 1,400 தானியங்கி மழைமானிகளும் 100 தானியங்கி வானிலை நிலையங்களும் வைக்கும் வேலையைக் கையில் எடுத்தது நல்ல விஷயம், சந்தோஷம். அவற்றுக்கு முப்பது வயசாகும்போது நமக்கு ஐம்பது ஆகியிருக்கும். அதுவரை மலைச்சரிவின் பழைய வருஷங்களை எங்கே தேடுவது?

இங்கேதான் மாமா வருகிறார். மாமாவுக்கு ரெண்டு ஏக்கர் ஏலம். 2024 கோடையில் இடுக்கி மலை முழுக்க ஏலச்செடி காய்ந்தது உங்களுக்கு நியாபகம் இருக்கலாம். ஏலத்துக்கு மாசி முதல் சித்திரை வரை இடையிடையே கோடை மழை வேணும். அப்போதுதான் அடியிலிருந்து சரம் ஓடும். அந்த வருஷம் மாமா தோட்டத்தில் சரமும் இல்லை, செடியில் பாதி இலையும் இல்லை. அவர் வானிலையை வைத்துப் பணம் தரும் காப்பீடு ஒன்று எடுத்திருந்தார். இந்த வகைக் காப்பீட்டில் யாரும் தோட்டத்துக்கு வந்து செடியைப் பார்க்க மாட்டார்கள். அந்தப் பகுதிக்கு என்று குறித்த ஒரு வானிலை நிலையத்தில் மழை ஒரு அளவுக்குக் கீழே போனாலோ, வெப்பம் ஒரு அளவைத் தாண்டினாலோ, பணம். இல்லையென்றால் இல்லை. 2016இல் மத்திய அரசு பயிர்க் காப்பீட்டோடு சேர்த்துப் புதுப்பித்த வானிலை அடிப்படையிலான திட்டமும் இந்தத் தத்துவம்தான், கேரளாவில் ஏலக்காய்க்கும் அது உண்டு. மாமாவுக்குக் குறித்த நிலையம் இன்னொரு சரிவில் இருந்தது. அங்கே ரெண்டு நல்ல மழை. மாமாவுக்கு ஒன்றும் இல்லை.

யாரும் ஏமாற்றவில்லை. அங்கே நிஜமாகவே மழை பெய்தது. இதற்குக் காப்பீட்டுப் பாடத்தில் பேசிஸ் ரிஸ்க் என்று அழகாகப் பேர் வைத்திருக்கிறார்கள். மாமா வைத்த பேர் வேறு, அதை இந்த இதழில் எழுத முடியாது. நிலையங்களை ஒப்பிடுவது ரெவ்யூ மார்க்குக்கு மட்டுமான விஷயம் என்று நான் நினைத்திருந்தது அன்றோடு போச்சு. ஒரு நிலையத்தின் எண் எத்தனை கிலோமீட்டருக்கு, எத்தனை மீட்டர் உயரத்துக்குச் செல்லும் என்ற கேள்விக்கு யாரோ ஒருவர் ஏற்கெனவே ஒரு பதிலை வைத்துக்கொண்டுதான் பணம் தருகிறார் அல்லது தராமல் விடுகிறார்.

இன்னொரு சிக்கலும் இருக்கு. விதிப்படி வானிலை நிலையம் திறந்தவெளியில் இருக்க வேண்டும், மர நிழல் படக்கூடாது. ஏலம் வாழ்வதே மர நிழலில். மரக்கிளையைக் கழித்து வெயிலை உள்ளே விட்டால் செடி உணரும் வெப்பம் ஏறும், மண் சீக்கிரம் காயும். திறந்தவெளி நிலையத்துக்கு இது தெரியவே தெரியாது. செடியின் வானிலை ஒன்று, நிலையத்தின் வானிலை இன்னொன்று. மாமா தோட்டத்தில் என் சென்சாரை நிழலுக்குள் ஒன்றும் வெளியே ஒன்றுமாக வைத்திருப்பது இதற்காகத்தான். (பேனல் "எதுக்கு ரெண்டு, பட்ஜெட் வேஸ்ட்" என்றது. இதோ பதில்.)

பழைய வருஷங்களைத் தேடினால் ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன. பாம்பாடும்பாறையில் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் 1956இல் தொடங்கியது. மயிலாடும்பாறையில் ஸ்பைசஸ் போர்டின் இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிறுவனம் 1978இலிருந்து இருக்கிறது. ரெண்டும் மலையின் அந்தப் பக்கம். நம் பக்கச் சரிவுக்கு? வானிலைத் துறையின் கணக்கில் தேனி ஒரு உட்பிரிவு, இடுக்கி இன்னொரு உட்பிரிவு. ஒன்றின் அறிக்கை சென்னையிலிருந்து, மற்றொன்றின் அறிக்கை திருவனந்தபுரத்திலிருந்து. மேகத்துக்கு செக்போஸ்ட் கிடையாது, டேட்டாவுக்கு உண்டு.

ஆனால் நம் பக்கம் நோட்டுகள் இருக்கின்றன. பல தோட்டங்களில் சின்ன மழைமானி ஒன்று இருக்கும். கணக்குப்பிள்ளையோ ஓனரோ தினமும் அளந்து எழுதுவார்கள், அங்குலக் கணக்கில். மாமா வீட்டு அலமாரியில் தாத்தா காலத்து நோட்டுகள் அடுக்காக இருக்கின்றன. கரையான் தின்றது போக மிச்சம். ஒரு நோட்டை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இருபது நோட்டு கிடைத்தால்? சிவில்காரர்கள் ஹைட்ராலஜியில் டபுள் மாஸ் கர்வ் படித்திருப்பீர்கள். ஒரு நிலையத்தின் கூட்டு மழையை, சுற்றியுள்ள நிலையங்களின் கூட்டு மழைச் சராசரிக்கு எதிராக வரைவது. கோடு நேராகப் போனால் சரி. ஒரு வருஷத்தில் திடீரென்று சாய்வு மாறினால், மழைமானியை இடம் மாற்றியிருக்கலாம், பக்கத்தில் மரம் வளர்ந்து மறைத்திருக்கலாம், அளக்கும் ஆள் மாறியிருக்கலாம். பரீட்சைக்கு ஐந்து நிலையம் கொடுத்து, கோட்டைத் திருத்தி, பன்னிரண்டு மார்க் வாங்கி மறந்துபோகும் அந்த முறை அப்படியே இந்த நோட்டுகளுக்குப் பொருந்தும்.

நம் காலேஜில் வருஷம் ஒரு ஏழு நாள் என்எஸ்எஸ் கேம்ப் போடுகிறோம். ஒரு வருஷம் கோயில் வளாகம் பெருக்குவதை விட்டுவிட்டு, மலையடிவாரத்துக்குப் போய் இந்த நோட்டுகளைப் போட்டோ எடுத்து, எக்செல்லில் ஏற்றலாம். கூடவே மழைமானி எந்த உயரத்தில் இருந்தது, எப்போது மாற்றினார்கள், யார் அளந்தார்கள், எத்தனை மணிக்கு அளந்தார்கள் என்றும் கேட்டு எழுத வேண்டும். எண்ணை விட அந்தக் கேள்விகள்தான் முக்கியம், எண் நோட்டிலேயே இருக்கு, பதில் வயசானவர்கள் தலையில் மட்டும்தான் இருக்கு. காப்பீட்டு நிலையங்களும் இதையே செய்யட்டும். எந்த நிலையம், எந்த உயரம், கடைசியாக எப்போது சரிபார்த்தது என்பதைப் பாலிசிப் பேப்பரிலேயே அச்சடித்துக் கொடுக்கட்டும். கையெழுத்துப் போடும் முன் மாமா மாதிரி ஆட்கள் "அந்த மேட்டுல பெய்யுற மழை எனக்குப் பெய்யாதே" என்று அப்போதே சொல்லிவிடுவார்கள். அவர்களுக்கு அது எந்த கோரிலேஷனும் போடாமலே தெரியும்.

போன வாரம் முதல் நோட்டை ஏற்ற உட்கார்ந்தேன். நீல மையில் அழகான கையெழுத்து. அங்குலத்தை 25.4ஆல் பெருக்கி மில்லிமீட்டர் ஆக்கி, என் பழைய அனுபவத்தில் உஷாராக, மாமாவுக்கு போன் போட்டேன்.

"மாமா, மழைய எத்தன மணிக்கு அளப்பீங்க?"

"காலைல, காபி குடிச்சுட்டு. ஏழு, ஏழரை."

அப்பாடா, 8.30க்குப் பக்கம்தான் என்று நிம்மதியானேன். "சரி, அன்னிக்குத் தேதிதான போடுவீங்க?"

"அதெப்படி மாப்ள? மழ பெஞ்சது நேத்து ராத்திரி. நேத்துத் தேதிதான் போடுவேன்."